கோட்டுக்கு மேலே நாற்பத்திரண்டு வீடு

கிழக்கே மலை, மேற்கே உப்பு ஏரி. இரண்டுக்கும் நடுவே ஆறு மைல் அகலத்தில் ஒரு பட்டை நிலம். அங்கே ஓர் ஊர் வளர வேண்டுமென்றால் புடலங்காய் மாதிரி நீளத்தில்தான் வளர முடியும். அப்படித்தான் வளர்ந்தது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் மலையடியில் ஐந்து ஊர்கள் தனித்தனியாக இருந்தன. ஐந்தையும் சேர்த்து எண்ணினால் நாற்பதாயிரம் தலை தேறாது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே சோளக்காடும் ஆட்டுப்பட்டியும் கிடந்தன. இப்போது ஒன்பது லட்சம் பேர். சோளக்காடு இருந்த இடத்தில் மருத்துவமனையும் டயர் கடைகளும் நிற்கின்றன. பஸ் நடத்துநர் மட்டும் பழைய பழக்கத்தில் ஐந்து ஊர்ப் பெயரையும் கூவுகிறார். ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

நீளத்தில் இடம் தீர்ந்ததும் ஜனம் தலையைத் தூக்கி மலையைப் பார்த்தது.

மலைச்சரிவில் ஒரு கோடு இருந்தது. கண்ணுக்குத் தெரிவது கோடல்ல, நூறு தப்படிக்கு ஒன்றாக நட்ட கற்கள். தலையில் சிவப்புச் சாயம். மலைத்தோளில் கட்டிய பெரிய தொட்டியிலிருந்து தண்ணீர் மோட்டார் இல்லாமல் தானாக இறங்கி எந்த உயரத்து வீடுவரை குழாயில் வருமோ, அந்த உயரத்தில் அந்தக் கற்கள். கல்லுக்குக் கீழே கட்டினால் குழாய் உண்டு, வீட்டுப் பத்திரம் உண்டு, தெருவிளக்கு உண்டு. கல்லுக்கு மேலே கட்டினால் ஒன்றும் கிடையாது. அந்தக் கோட்டை அளந்து கல் நட்டவர் நூல்காரர்.

நூல்காரர் என்பது ஊர் வைத்த பெயர். நகராட்சியில் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். நூல் பிடித்தாற்போல் நடப்பார், நூல் பிடித்தாற்போல் பேசுவார். எழுபத்தாறு வயதாகியும் நாற்காலியின் முதுகு அவருடைய முதுகைத் தொட்டதில்லை. சொந்த அண்ணன் வேலியையே அரையடி தள்ளி வைக்கச் சொன்னவர் என்று பெயர். அந்தப் பெயர்தான் அந்தக் குடும்பத்தின் சொத்து. வேறு பெரிய சொத்து அவர் சேர்க்கவுமில்லை, சேர்க்க நினைக்கவுமில்லை.

அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் கோட்டுக்கு மேலே இருந்தாள்.

அவளைக் கட்டியவர் லிஃப்ட் மெக்கானிக். நூல்காரரே பார்த்து முடித்த இடம்தான். கீழே ஓர் அறை வாடகைக்குக் கிடைக்காத காலத்தில், மலை சற்றே மடங்கிச் சரிவு குறையும் வளைவில், கல்லைத் தாண்டி இரண்டாவது வரிசையில், மருமகன் தம் கையாலேயே சுவர் எழுப்பினார். “நான் நட்ட கல்லை நானே தாண்டிப் போய் விருந்து சாப்பிட்டா ஊர் என்ன பேசும்?” என்றார் நூல்காரர். அதோடு சரி. பதினோரு வருஷம் அந்த வீட்டை அவர் பார்த்ததில்லை.

மகள் ரொட்டிக் கடையில் வேலை செய்தாள். விடியுமுன் போய் மாவு பிசைந்து, மத்தியானம் இரண்டு மணிக்குத் திரும்புவாள். தெருமுனைப் பொதுக்குழாயில் இரண்டு கேன் பிடித்துக்கொண்டு அப்பா வீட்டு வாசல் வழியாகத்தான் மேலே ஏற வேண்டும். கீழ்வீட்டுக் குழாய்த் தண்ணீர் கோட்டுக்கு மேலே போகக் கூடாது என்று ஒரு விதி. அதை எழுதியபோது நூல்காரர் அந்த அறையில் இருந்தவர். ஆகவே மகளாக இருந்தாலும் பொதுக்குழாய்தான். மனைவி சில நாள் கொல்லைப்பக்கமாக ஒரு கேனை நிரப்பிக் கொடுப்பாள். அது அவருக்குத் தெரியும். அந்த நேரத்துக்குச் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துக்கொள்வார்.

“ஊர்ல எல்லாரையும் மாடிக்கு ஏத்திவிடறவன் பொண்டாட்டிக்கு ரெண்டு கேனை ஏத்திக் குடுக்க முடியல பாரு,” என்று வளைவில் மருமகனைக் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, “எனக்குக் கரண்ட் இருந்தாத்தான் வேலை ஓடும்ணே. அவளுக்கு அது வேணாம்,” என்பார்.

இந்த வருஷம் ஊருக்கு ஒரு மேல்சாலை தேவைப்பட்டது. கீழே இருக்கும் ஒரே பெரிய சாலை காலையிலும் மாலையிலும் அடைத்த சாக்கடைபோல நின்றுவிடுகிறது. புதிய சாலை கல்லை ஒட்டி மலைப்பக்கமாகப் போக வேண்டும். மற்ற இடங்களில் அங்கே பாறையும் முள்ளும்தான். வளைவில் மட்டும் நாற்பத்திரண்டு வீடு. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை விசாரணை, திங்கட்கிழமை இடிப்பு.

புதன்கிழமை காலை நகராட்சிப் பொறியாளர் பெண் நூல்காரர் வீட்டுக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். காலணியெல்லாம் சிவந்த மண்.

“உள்ள வாம்மா. டீ சாப்பிடுவியா?”

“குடுங்கய்யா. ரெண்டு நாளா மேல ஏறி இறங்கி தொண்டையே காஞ்சு போச்சு.”

மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவருகே நின்றாள். பொறியாளர் பாதிக் கோப்பையை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னாள்.

“உங்க கல்லையெல்லாம் புது மெஷின் வெச்சுப் பார்த்தோம்யா. முப்பது மைல். அசந்துட்டோம். அந்தக் காலத்துக் கருவியை வெச்சுக்கிட்டு எப்படிய்யா இப்படி?”

நூல்காரரின் மீசை லேசாக அசைந்தது.

“வளைவுல மட்டும்...”

“வளைவுல என்ன?”

“கல்லு இருக்க வேண்டிய உயரத்தைவிட ஆறே முக்கால் அடி கீழ நிக்குது. அங்க சரிவு கம்மி. ஆறே முக்கால் அடின்னா ரெண்டு வரிசை வீடு. அந்த நாப்பத்திரண்டு வீடும் உண்மையில கோட்டுக்குக் கீழதான்யா வருது.”

“மெஷின் புதுசு. கை பழகணும்.”

“மூணு தடவை பார்த்தோம்.”

“நான் சொல்றதைக் கேளு. கீழ உயரம் தெரிஞ்ச ஒரு அடையாளக் கல்லுல ஆரம்பிச்சு மேல ஏறினேன். அதே வழியா இறங்கி அதே கல்லுல வந்து முடிச்சேன். புறப்பட்ட கணக்குக்கும் வந்த கணக்குக்கும் வித்தியாசம் நகக்கண் அளவு. மூடின கோடும்மா அது. மூடின கோட்டை யாரும் குறை சொல்ல முடியாது.”

“ஆணையரும் அதையேதான் சொல்றாரு. மூடின கோட்டை மெஷினை நம்பி மாத்த முடியாதுங்கிறாரு. அளந்தவர் உயிரோட இருக்காரு, அவரே வந்து குறை இருந்துச்சுன்னு சொன்னா மறுபடி அளக்கலாம், இல்லேன்னா இடிப்புதான்னு சொல்லிட்டாரு. ஆபீஸ்ல வெறும் சுருக்கம்தான் இருக்கு. நீங்க மலையில எழுதின புத்தகம் இல்லை.”

“அது எங்கிட்ட இருக்கு. பார்த்துச் சொல்றேன்.”

பொறியாளர் எழுந்தாள். வாசலில் காலணியை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கலாமாய்யா? ஏறினப்பவும் இறங்கினப்பவும் ஒரே மட்டக்கோல்தானா?”

“ஒரே கோல். ஒரே ஆள். என் மச்சினன்தான் பிடிச்சான்.”

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நூல்காரர் பதிலுக்குப் பேசியிருப்பார். பேசாமல் போனதால் அந்தக் கேள்வி வாசலிலேயே நின்றுவிட்டது.

மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்தார். அலமாரியின் மேல்தட்டில் துணியில் சுற்றி வைத்திருந்த புத்தகத்தை இறக்கினார். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் ஒப்படைக்காமல் வீட்டுக்கு எடுத்துவந்தது. தம் வாழ்நாளில் அவர் விதியை மீறியது அந்த ஒன்றுதான்.

மட்டக்கோல் என்பது ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நீளும் மரக்கோல். ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய மூன்று துண்டு. அடி, அங்குலம் எல்லாம் அதன் முகத்தில் எழுதியிருக்கும். துண்டை இழுத்து நீட்டினால் பித்தளைக் கொக்கி டக்கென்று விழுந்து பிடித்துக்கொள்ளும். மலை ஏறும்போது கீழே ஒருவன் கோலை நிறுத்துவான், மேலே கருவி வைத்தவர் அதன் உச்சிப்பக்க எண்ணைப் படிப்பார். பிறகு கோல் கருவியைத் தாண்டி மேலே போகும், அப்போது அடிப்பக்க எண். இரண்டின் வித்தியாசம்தான் ஏறிய உயரம். இப்படியே படிப்படியாக.

வளைவுக்குப் போன பக்கத்தின் ஓரத்தில் அவருடைய கையெழுத்தே இருந்தது: ‘நடுத்துண்டுக் கொக்கி பழுது. கம்பியால் கட்டி நடத்தப்பட்டது.’

எழுதியதை அவர் மறந்ததில்லை. கம்பி கட்டினால் கொக்கிக்குச் சமம் என்றே இத்தனை வருஷமும் இருந்துவிட்டார். கொக்கி விழாமல் துண்டு சற்றே உள்ளே நின்றிருந்தால்? உச்சிப்பக்க எண்கள் எல்லாம் அத்தனை தூரம் கீழே இறங்கியிருக்கும். ஏறும்போது ஒவ்வொரு படியிலும் கோல் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கும். இறங்கும்போதும் அதே அளவு கூட்டிச் சொல்லியிருக்கும். ஏற்றத்தில் கூடியது இறக்கத்தில் கழிந்துபோகும். கணக்கு நகக்கண் பிசகாமல் மூடிக்கொள்ளும். போன வழியே திரும்பி வந்தால் போன தப்பும் கூடவே திரும்பி வரும் என்பது, மூடிய கோட்டை வைத்து முப்பத்தெட்டு வருஷம் மார்தட்டிய மனிதருக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

படிகளை வாய்விட்டு எண்ணினார். இருபத்தேழு.

மாலை ஆறு மணிக்கு மகன் வந்தான். அதே நகராட்சியில் தலைமை வரைபடக்காரன். மேல்சாலையின் வரைபடம் அவன் கையால் போட்டது. சமையலறையில் சிறிய மேஜை, அதன்மேல் திறந்த புத்தகம், எதிரே அப்பா. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“அந்தப் பொண்ணு இங்க வந்தாளாமே.”

“வந்தா.”

“என்ன சொன்னீங்க?”

“இன்னும் சொல்லல. கோல் குறைஞ்சிருக்கலாம்.”

மகன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “குறைஞ்சிருக்கலாம், குறையாமலும் இருக்கலாம். யாருக்குத் தெரியும்? அப்பா, வரைபடத்துல உங்க கோட்டை நம்பித்தான் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். கோடே தப்புன்னா நாளைக்கு என்னையும் சேர்த்துத்தான் கேப்பாங்க. அப்பன் தப்பா அளந்தான், மகன் தப்பா வரைஞ்சான்னு.”

“அக்கா வீடும் அதுக்குள்ள வருதுன்னு தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டியா?”

“தெரிஞ்சுதான். கோடுன்னா கோடுதான், அதுல அக்கா தங்கச்சி கிடையாதுன்னு யாரு சொல்லிச் சொல்லி வளர்த்தாங்க?”

மகன் குரலைத் தணித்தான்.

“சரி, சொல்லித்தான் ஆகணும்னா ஒரு வழி இருக்கு. கோலைப் பிடிச்சது மாமா. கம்பியைக் கட்டினது மாமா. ஒழுங்காக் கட்டலைன்னு சொல்லிடுங்க. உண்மைதானே? மாமா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆச்சு. அக்கா வீடும் தப்பிச்சிடும், உங்க பேருக்கும் ஒண்ணும் வராது.”

கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் தட்டும் சத்தம் நின்றது.

“செத்தவன் வந்து சாட்சி சொல்ல மாட்டான்னுதானே?” என்றாள் மனைவி.

“அம்மா, நான் என்ன சொல்ல வர்றேன்னா...”

“நீ சொல்ல வந்ததைச் சொல்லிட்ட. இப்ப நான் சொல்றேன்.” அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். கணவனைப் பார்த்துத்தான் பேசினாள். “அன்னிக்கு மலையிலேர்ந்து வந்து இதே அடுப்படியில உக்காந்துதான் என் தம்பி டீ குடிச்சான். ‘அக்கா, கோலு நாலு விரல் உள்ள நிக்குது, அத்தான்கிட்ட சொன்னேன், வெளிச்சம் போகுது, கம்பியைக் கட்டிப் பிடிடான்னு சொல்லிட்டாரு’ன்னான். மறுநாள் சாயங்காலமும் வந்தான். ‘அத்தான்கிட்ட மறுபடி சொன்னேன்க்கா, கோடு மூடிருச்சு, நீ போடான்னுட்டாரு’ன்னான். சொன்னானா இல்லையாங்க?”

நூல்காரர் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, சொன்னானா இல்லையா?”

“சொன்னான்.”

“இத்தனை வருஷம் ஏம்மா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?” என்றான் மகன்.

“நாலு விரல்தானேன்னு விட்டுட்டேன்டா. மலை எவ்ளோ பெருசு, அதுல நாலு விரல் போனா என்னன்னு நினைச்சேன். அது இருபத்தேழு தடவைன்னு எனக்கு யாரு சொன்னா? அளக்கிறது இவர் தொழில். எனக்குத் தெரிஞ்சது உப்பு அளவுதான்.”

நூல்காரர் மேஜை இழுப்பறையிலிருந்து மரஸ்கேலை எடுத்தார். இடது கையால் அதை மேஜைமேல் அழுத்திப் பிடித்து, வலது கையின் நான்கு விரல்களையும் சேர்த்து அதன்மேல் வைத்தார். மூன்று அங்குலம். மூன்று இருபத்தேழு எண்பத்தொன்று. எண்பத்தோரு அங்குலம் என்றால் ஆறு அடி ஒன்பது அங்குலம். ஆறே முக்கால்.

“சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?” என்றாள் மனைவி.

“அவனுக்குப் போடு. எனக்குப் பசியில்லை.”

“ஒரு வாய் சாப்பிடுங்க. நாளன்னிக்குப் போய் நிக்கணும்ல?”

போவதா வேண்டாமா என்று அவர் இன்னும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தட்டை வைத்தாள், அவர் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை தேய்த்த வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். நாலு மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஜன்னல் வழியே மலைப்பக்கம் பார்த்தபடி வந்தார். அவர் கல் நட்ட நாளில் அந்தச் சரிவில் ஓர் ஆட்டுக்காரனைத் தவிர யாரையும் கண்டதில்லை. ‘இவ்வளவு உயரத்துக்கு யாருடா வரப்போறான்’ என்று மச்சினனிடம் சொல்லிச் சிரித்ததுகூட ஞாபகம் இருந்தது. இப்போது கல்லின் விளிம்புவரை வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றன. கொடியில் துணி காய்ந்தது. வளைவில் மட்டும் கூரைமேல் நீலத் தண்ணீர்த் தொட்டி ஒன்றுகூட இல்லை. அதை அவர் இத்தனை நாள் கவனித்ததில்லை.

நகராட்சிக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வளைவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். சலவைக்காரர், ஓட்டுநர்கள், மருத்துவமனையில் தரை துடைப்பவர்கள். எல்லாரும் அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். மருமகன் எழுந்து, “மாமா, இங்க உக்காருங்க,” என்று தம் நாற்காலியைக் காட்டினார். நூல்காரர் நின்றுகொண்டார். மகன் மேடைக்குப் பக்கத்தில் வரைபடத்தோடு உட்கார்ந்திருந்தான். அப்பாவை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஆணையர் மரியாதை தெரிந்தவர். “ஐயா, உங்க கோட்டை வெச்சுத்தான் இந்த ஊரே நிக்குது. வளைவுல ஏதாவது குறை இருக்க வாய்ப்பிருக்கா? உங்க வாயால சொல்லிட்டீங்கன்னா நாங்க எழுதிக்கிறோம்.”

“இருக்கு.”

கூடத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. நூல்காரர் புத்தகத்தைத் திறந்து பக்கத்தைக் காட்டினார். கொக்கி, கம்பி, நாலு விரல், இருபத்தேழு படி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வகுப்பில் ஒப்பிக்கிறவர் மாதிரி, குரல் ஏறாமல் இறங்காமல் சொன்னார். பொறியாளர் பெண் தன் தாளில் எதையோ பெருக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். எழுத்தர் எழுதியதைப் படித்துக் காட்டினார்.

“மட்டக்கோல் பிடித்தவரின் கவனக்குறைவால்...”

“நிறுத்துங்க. அதை அடிங்க.”

“ஐயா?”

“கோல் பிடிச்சவன் கவனமாத்தான் இருந்தான். நாலு விரல் குறையுதுன்னு ரெண்டு தடவை சொன்னான். கேக்காதவன் நான். அவசரப்பட்டவன் நான். அளந்தவர் கவனக்குறைவுன்னு எழுதுங்க. அந்தப் புத்தகத்தை ஆபீஸ்ல குடுக்காம வீட்டுல வெச்சிருந்ததும் நான்தான். அதையும் சேர்த்து எழுதுங்க.”

மகன் வரைபடத்தைச் சுருட்ட ஆரம்பித்தான். எழுத்தர் ஆணையரைப் பார்த்தார். ஆணையர் தலையசைத்தார். வளைவில் புதிதாக அளக்கும்வரை எந்த வீட்டிலும் கை வைக்கக் கூடாது, சாலைக்கு வேறு தடம் பார்க்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. நூல்காரர் கையெழுத்துப் போட்டார். எழுபத்தாறு வயதுக்கு அது நேரான கையெழுத்து.

யாராவது கைதட்டுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. யாரும் தட்டவுமில்லை. வெளி வராந்தாவுக்கு வந்தபோது வளைவுக்காரர்கள் வழி விட்டார்கள். ஆனால் விலகிப் போகவில்லை. சலவைக்காரரின் மனைவி, அறுபதுக்கு மேல் இருக்கும், எதிரே வந்து நின்றாள்.

“நாலு விரல்னு சொன்னீங்களே. காட்டுங்க.”

“என்னம்மா?”

“நான் வளைவுக்கு வாழ வந்து முப்பது வருஷம். மாமியாருக்குத் தண்ணி தூக்கினேன், எனக்குத் தூக்கினேன், பிள்ளைங்களுக்குத் தூக்கினேன். இப்ப மருமக தூக்கறா. எவ்ளோன்னு ஒரு தடவை கண்ணால பார்க்கணும். காட்டுங்க.”

நூல்காரர் புத்தகம் இல்லாத வலது கையைத் தூக்கினார். கட்டைவிரலை மடக்கிக்கொண்டு நான்கு விரல்களையும் சேர்த்து நீட்டினார். அவள் கிட்டே வந்து பார்த்தாள். துணியில் கறை போய்விட்டதா என்று பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

“இவ்ளோதானா?” என்றார் ஓர் ஓட்டுநர், யாரையும் பார்த்துக் கேட்காமல்.

யாரும் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் பார்க்க முன்வரிசையில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மருமகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எப்போது இறக்கலாம் என்று நூல்காரருக்குத் தெரியவில்லை. கையைத் தூக்கியபடியே நின்றார். முதுகு வளையவில்லை.

ரொட்டிக் கடையிலிருந்து அப்போதுதான் ஓடிவந்திருந்த மகள், முழங்கையில் மாவோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஒரு நிமிஷம் அவளும் அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கையைக் கீழே இறக்கினாள்.

“போதும்ப்பா,” என்றாள். “எல்லாரும் பார்த்தாச்சு.”